ஆம்பியரை மட்டும் பார்த்து சுவிட்ச் எடுக்காதீர்கள்

ஆரணியில் பஸ் ஏறி, புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் பிடிக்கப் போகும் எலக்ட்ரீஷியன்களுக்கு இந்தக் கட்டுரை. ரோலிங் மில், இண்டக்‌ஷன் ஃபர்னஸ், வாகன உதிரிபாகம் என்று நீங்கள் எந்தத் தொழிற்சாலையில் இருந்தாலும் ஒரு வேலை பொதுவானது. பேனலைத் திறந்து, கெட்டுப்போன சுவிட்சைக் கழற்றி, ஸ்டோரில் கிடைக்கும் இன்னொன்றை மாட்டுகிறீர்கள்.

அந்த இன்னொன்றை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? பேனலில் உள்ள ஓட்டைக்குப் பொருந்துகிறதா, மேலே போட்டிருக்கும் ஆம்பியர் போதுமா என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலானோர் நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்கப் பழகியவரைத்தான் ஃபோர்மேன் சிக்கலான பழுதுக்குக் கூப்பிடுவார். சம்பள உயர்வும் அவரைத் தேடித்தான் முதலில் வரும்.

அந்த ஐந்தையும் கற்றுக்கொள்ள ஒரு நல்ல பள்ளிக்கூடம் உண்டு. சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் பட்டறை அது.

விமானம் எதற்கு?

தன் கையால் விமானம் கட்டிப் பறப்பது நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் மும்பையில் நடந்த ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017-ல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அதைப் பதிவு செய்தது. கேரளத்தின் தொடுபுழா பக்கத்தைச் சேர்ந்த, காது கேளாத, பேச இயலாத சஜி தாமஸ் கட்டிய சின்ன விமானம் 2014-ல் பறந்தது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டே, கொரோனா ஊரடங்குக் காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ‘ஸ்லிங்’ கிட்டைக் கொண்டு நான்கு இருக்கை விமானம் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு பறந்தார். அமெரிக்காவில் இது பெரிய இயக்கம். பால் போபரெஸ்னி 1953-ல் மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் இன்று பல்லாயிரம் பேருக்கு வழிகாட்டுகிறது.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே நெருக்கடி. நிலத்தில் சுவிட்ச் கெட்டால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிடலாம். மூவாயிரம் அடி உயரத்தில் அது முடியாது. அதனால் ஒவ்வொரு சுவிட்சையும் வாங்கும்போதே, இது எப்படிக் கெடும், கெட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாக வேண்டும். நம் பேனலுக்கும் அதே யோசனைதான் வேண்டும். அதிலிருந்து பிறக்கும் ஐந்து கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி 1: ஏசியா, டிசியா?

வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை அது சுழியைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சைத் திறக்கும்போது இரண்டு கான்டாக்டுகளுக்கு நடுவே ஆர்க் எழுந்தாலும், அடுத்த சுழியிலேயே பெரும்பாலும் அணைந்துவிடும். டிசியில் அந்தச் சுழி கிடையாது. கான்டாக்டுகள் போதுமான தூரம் விலகும் வரை ஆர்க் எரிந்துகொண்டே இருக்கும். கான்டாக்ட் கருகும், உருகும், சில நேரம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் உங்கள் பேனலில் இருக்கும் சாதாரண புஷ்பட்டன் கான்டாக்ட் பிளாக்கைக் கழற்றி, பக்கவாட்டில் பொறித்திருப்பதைப் படியுங்கள். பலவற்றில் ஏ600, க்யூ600 என்று போட்டிருக்கும். ஏ600 என்றால் 240 வோல்ட் ஏசியில் 3 ஆம்பியரைத் துண்டிக்கலாம். க்யூ600 என்றால் 250 வோல்ட் டிசியில் வெறும் 0.27 ஆம்பியர். ஒரே பிளாக், ஏறத்தாழ அதே வோல்டேஜ். ஏசியில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கைக்கூட டிசியில் தாங்காது.

சிறிய விமானங்கள் 14 அல்லது 28 வோல்ட் டிசியில் ஓடுகின்றன. 12, 14 வோல்ட்டில் ஆர்க் நிலைத்து நிற்பது கடினம். அதனால் நல்ல தரமான ஏசி டோகிள் சுவிட்ச் அங்கே பெரும்பாலும் சமாளித்துவிடும். 28 வோல்ட்டில் தொந்தரவு தொடங்கும். ஸ்கிராப் தூக்கும் மின்காந்தத்துக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பாலைகளில் ஓடும் 220 வோல்ட் டிசியில் தவறான சுவிட்ச் வைத்தால் அது தீ விபத்துக்கு நாள் குறிப்பதுதான். எனவே ‘டிசிக்குப் பத்தாது’ என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். எத்தனை வோல்ட் டிசி என்று சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி 2: என்ன லோடு?

பொதுவாக சுவிட்ச் மேல் பொறித்த ஆம்பியர், அது மூடிய நிலையில் தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம். மூடும் நொடியிலும் திறக்கும் நொடியிலும் என்ன நடக்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதை லோடுதான் தீர்மானிக்கிறது.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானப் பழுதுபார்ப்புக்காக வெளியிட்டிருக்கும் 43.13 என்ற கையேட்டில் இதற்கென்றே ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. லோடின் ஆம்பியரை ஓர் எண்ணால் பெருக்கினால், வாங்க வேண்டிய சுவிட்சின் ஆம்பியர் கிடைக்கும்.

- ஃபிலமென்ட் விளக்கு: 12 வோல்ட்டில் 5, 28 வோல்ட்டில் 8
- ரிலே, சோலனாய்டு காயில்: 12 வோல்ட்டில் 2, 28 வோல்ட்டில் 4
- மோட்டார்: 12 வோல்ட்டில் 2, 28 வோல்ட்டில் 3
- ஹீட்டர்: 12 வோல்ட்டில் 1, 28 வோல்ட்டில் 2

விளக்குக்கு ஏன் இவ்வளவு பெரிய எண்? குளிர்ந்த ஃபிலமென்டின் மின்தடை மிகக் குறைவு. சுவிட்ச் போட்ட நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்கு வரை பாயும். 12 வோல்ட், 55 வாட் லேண்டிங் விளக்கு ஓடும்போது 4.6 ஆம்பியர் எடுக்கும். அதை 5-ஆல் பெருக்கினால் 23. ‘ஐந்து ஆம்பியர்தானே’ என்று 6 ஆம்பியர் சுவிட்ச் வைத்தவருக்குக் கான்டாக்ட் ஏன் ஒட்டிக்கொண்டது என்று இப்போது புரியும். 28 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் எரிபொருள் பம்புக்கு 3-ஆல் பெருக்கி 15 ஆம்பியர் சுவிட்ச் எடுக்க வேண்டும். எல்இடி விளக்குக்குக் கணக்கு வேறு. ஓடும் மின்னோட்டம் குறைவு. ஆனால் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் தொடக்கத்தில் ஒரு வீச்சு இழுக்கும். தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காயிலில் சிக்கல் திறக்கும்போது வரும். மின்னோட்டம் அறுந்ததும் காயிலில் தேங்கியிருக்கும் ஆற்றல் சில நூறு வோல்ட் வீச்சாகக் கிளம்பி சுவிட்சின் கான்டாக்டில் இறங்கும். டிசி காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடு போட்டால் அது அடங்கும். டையோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் இருக்க வேண்டும். விமானத்தின் பேட்டரி கான்டாக்டரில் இது வழக்கமான வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. டையோடு போட்டால் காயில் விடுபட நேரம் சற்றுக் கூடும். விமானத்து பேட்டரி கான்டாக்டருக்கு அது பொருட்டில்லை. மில்லில் ஓடும் ஈஓடி கிரேனின் பிரேக் காயிலுக்கு அது பெரிய விஷயம். பிரேக் பிடிக்கத் தாமதமானால் தொங்கும் சுமை கீழே சரியும். அங்கே டையோடைத் தன்னிச்சையாகச் சேர்க்காதீர்கள். பிரேக் தயாரிப்பாளர் சொல்லும் வேரிஸ்டர் போன்ற பாதுகாப்பையே போடுங்கள். ஒரே வைத்தியம் ஒரு இடத்தில் மருந்து, இன்னொரு இடத்தில் ஆபத்து என்று அறிந்திருப்பதுதான் தேர்ந்த எலக்ட்ரீஷியனின் அடையாளம்.

மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் தனிக் கவனம் வேண்டும். வெள்ளி கான்டாக்டின் மேல் காலப்போக்கில் படலம் படியும். அதிக மின்னோட்டம் அதைச் சுட்டுத் துடைத்துவிடும். பிஎல்சி உள்ளீட்டுக்குப் போகும் சில மில்லி ஆம்பியருக்கு அந்தத் தெம்பு கிடையாது. ‘இருபது ஆம்பியர் சுவிட்ச் போட்டேன், ஆனாலும் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது’ என்று புலம்பும் இடம் இதுதான். அங்கே தங்க முலாம் பூசிய கான்டாக்ட் வேண்டும். பெரிய எண் எப்போதும் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

கேள்வி 3: கெட்டால் எந்தப் பக்கம் விழும்?

ஐந்தில் இதுதான் உயிர்நாடி.

பல சிறு விமான எஞ்சின்களில் தீப்பொறி கொடுப்பது மேக்னெட்டோ. அதற்கு பேட்டரி தேவையில்லை. எஞ்சின் சுற்றினாலே பொறி பிறக்கும். அதை நிறுத்துவதற்கு அதன் பிரைமரி கம்பியை சுவிட்ச் வழியாக எர்த் செய்ய வேண்டும். அதாவது ‘ஆஃப்’ நிலையில்தான் அந்தச் சுற்று மூடியிருக்கிறது. அந்தக் கம்பி அறுந்துபோனால் சாவியை ஆஃப் செய்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். நிறுத்தி வைத்த விமானத்தின் புரொப்பெல்லரைக் கையால் திருப்பியவர் மேல் எஞ்சின் திடீரென்று உதைத்துச் சுற்றலாம். அதனால்தான் புரொப்பெல்லரைத் தொடும் ஒவ்வொருவரும் அது எப்போதும் உயிரோடு இருப்பதாகவே நினைத்து நடக்கிறார்கள். பறக்கும்போது கம்பி அறுந்தால் எஞ்சின் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு.

இப்போது உங்கள் எந்திரத்தின் எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பாருங்கள். அது நேர் எதிர். அங்கே மூடிய கான்டாக்ட் வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். பட்டனை அடித்தாலும் எந்திரம் நிற்கும், கம்பி அறுந்தாலும் நிற்கும். ஒட்டிக்கொண்ட கான்டாக்டைக்கூட விசையோடு பிரித்துவிடும் நேரடித் திறப்பு அமைப்பு அதில் இருக்க வேண்டும். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்டிருந்தால் அந்த அமைப்பு உண்டு என்று பொருள். ஸ்டோரில் எமர்ஜென்சி பட்டன் இல்லை என்று சாதாரணச் சிவப்புப் பட்டனை, அதுவும் திறந்த கான்டாக்டோடு மாட்டுவது மன்னிக்க முடியாத தவறு. சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுங்கள். ஏன் மறுக்கிறீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள்.

இதற்கு அடுத்தது மெயின் சுவிட்ச். அதை ஆஃப் செய்தால் எது எது செத்துப்போகிறது, எது சாகவில்லை? 1998 செப்டம்பர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து ஜெனிவாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் விமானி அறைக்கு மேலே தீப்பிடித்தது. கனடா கடற்கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 229 பேர் இறந்தனர். கனடிய விசாரணை வாரியம், பயணிகளுக்கான பொழுதுபோக்குத் திரை அமைப்பின் மின்வயரிங்கில் ஆர்க் ஏற்பட்ட தடயங்களைக் கண்டது. பயணிகள் பகுதியின் மின்சாரத்தைத் துண்டிக்க விமானிகளுக்கென ஒரு சுவிட்ச் இருந்தது. பின்னாளில் சேர்த்த அந்தத் திரை அமைப்பை, அந்த சுவிட்சால் துண்டிக்க முடியாத வேறொரு பஸ்பாரிலிருந்து எடுத்திருந்தார்கள். சுவிட்சின் பெயர் ஒன்று சொன்னது, வயரிங் வேறொன்று செய்தது.

நம் பேனல்களிலும் இது உண்டு. ஐசோலேட்டருக்கு முன்பாகவே எடுத்த பேனல் விளக்கு, ஹீட்டர், வேறு பேனலிலிருந்து வரும் 24 வோல்ட் இன்டர்லாக் எல்லாம் ஐசோலேட்டர் ஆஃப் ஆன பிறகும் உயிரோடு இருக்கும். எந்திர மின்பாதுகாப்புத் தரமான ஐஇசி 60204, இப்படிப்பட்ட கம்பிகளுக்கு ஆரஞ்சு நிறத்தைப் பரிந்துரைக்கிறது. உங்கள் பேனலில் இருக்கிறதா என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் எச்சரிக்கைப் பலகையாவது வையுங்கள். ஆஃப் செய்துவிட்டுப் பூட்டு போட்டபின், டெஸ்டரால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி 4: கை எப்படித் தேடும்?

புகை சூழ்ந்த விமானி அறையில் லேபிள் படிக்க முடியாது. அதனால்தான் வீட்டுப் பட்டறை விமானக்காரர்கள் சுவிட்சின் வடிவத்துக்கும் இடத்துக்கும் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள். 43.13 கையேடு எளிய விதிகள் சொல்கிறது. டோகிள் மேல்நோக்கியோ முன்னோக்கியோ போனால் ஆன். இறக்கையிலுள்ள ஃபிளாப்பை இயக்கும் நெம்புகோல், ஃபிளாப் நகரும் திசையிலேயே நகர வேண்டும். கை பட்டுத் தவறி இயங்கக் கூடாத சுவிட்சுக்கு மூடி போட வேண்டும்.

கிரேன் பெண்டன்ட்டில் ‘மேலே’ பட்டன் கீழேயும் ‘கீழே’ பட்டன் மேலேயும் மாறி மாட்டப்பட்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பழுது பார்த்து முடித்ததும் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பட்டன்களைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கே அவர் கை தடுமாறுகிறதோ அங்கே உங்கள் வேலை முடியவில்லை.

பழகிய எந்திரத்தில் ராக்கர் சுவிட்ச் இருந்த இடத்தில் டோகிள் வைக்காதீர்கள். ஸ்பிரிங்கால் தானே திரும்பும் வகை இருந்த இடத்தில் நிலைத்து நிற்கும் வகையை மாட்டாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நிலைத்து நிற்கும் சுவிட்ச் வைத்தால், எஞ்சின் பிடித்த பிறகும் ஸ்டார்ட்டர் இழுத்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி 5: கம்பி எப்படிப் பிடித்திருக்கிறது?

நல்ல சுவிட்ச் வாங்கி, மோசமாக இணைத்தால் பணமும் உழைப்பும் வீண். விமானத்திலும் ரோலிங் மில்லிலும் முதல் எதிரி அதிர்வு. ஈயம் பற்றவைத்த இடத்தில் ஈயம் பல இழைக் கம்பிக்குள் ஏறி அதை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்வு வேலையைக் காட்டி, கம்பி அங்கேயே முறியும். அதனால் தரமான லக், அதற்கேற்ற ராட்செட் கிரிம்பிங் கருவி, இன்சுலேஷனையும் சேர்த்துப் பிடிக்கும் கிரிம்ப், கிளிப்பால் தாங்கல் ஆகியவை வேண்டும். பிளையரால் நசுக்கிய லக்கை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்.

இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. லோடு ஓடும்போது, மூடிய சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையே மில்லிவோல்ட் பாருங்கள். குறைந்த வோல்டேஜ் டிசி சுற்றில் நல்ல கான்டாக்டில் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். 10 ஆம்பியர் ஓடும் சுவிட்சில் அரை வோல்ட் இறங்கினால் அந்தச் சிறிய உடலுக்குள் 5 வாட் சூடு எரிகிறது என்று அர்த்தம். கன்டின்யுட்டி பஸ்ஸர் இதைக் காட்டிக் கொடுக்காது. லோடோடு அளந்தால்தான் தெரியும். அளக்கும்போது கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, மூத்தவரின் அனுமதி மூன்றும் இருக்கட்டும்.

பார்ட் நம்பரை மதியுங்கள்

ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் இக்னிஷன் சுவிட்ச் போதிய இறுக்கமில்லாமல் இருந்தது. முழங்கால் பட்டாலோ சாவிக்கொத்து கனத்தாலோ ஓடும் நிலையிலிருந்து நழுவிவிடும். எஞ்சின் நிற்கும், ஏர்பேக் வேலை செய்யாது. இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றது. இடையில் சுவிட்சின் உள்பாகத்தைத் திருத்தியவர்கள் பார்ட் நம்பரை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால் காரணத்தைக் கண்டுபிடிப்பது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. 2014-ல்தான் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

வாகன உதிரிபாகம் செய்யும் பகுதியில் வேலை பார்க்கும் நமக்கு இது நேரடிப் பாடம். நீங்கள் மாற்றிய சுவிட்சின் முழு எண், தேதி, காரணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். ‘அதே மாதிரிதான்’ என்று வாய்மொழியில் விட்டுவிடாதீர்கள். நல்ல பிராண்டின் பெயரில் போலி சரக்கும் சந்தையில் உண்டு. பில்லோடு வாங்குங்கள்.

இதை வேலையாக மாற்றுவது எப்படி?

டிசி, அதிர்வு, கிரிம்பிங், பதிவேடு நான்கும் கைவந்தவருக்கு ரயில் பெட்டி, மின்வாகனம், ட்ரோன், விண்வெளித் துறை வயரிங் வேலைகள் திறக்கின்றன. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தளவாட வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தும் மையங்கள். ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகாலில் விமான, விண்வெளித் தொழில் பூங்கா இருக்கிறது. வயர் ஹார்னஸ் வேலைக்கு ஐபிசி ஏ-620 என்ற தரநிலையை உலகம் முழுவதும் கேட்கிறார்கள். அதன் சான்றிதழ் உங்கள் ஐ.டி.ஐ. சான்றிதழோடு சேரும்போது மதிப்பு கூடும்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். விமானத்திலேயே கை வைக்க வேண்டும் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் மின்சாரம், மின்னணுவியலுக்கான பி2 பிரிவு இருக்கிறது. சேருமுன் அந்தப் பயிற்சி நிலையத்துக்கு இயக்குநரகத்தின் அங்கீகாரம் உண்டா என்று அதன் இணையப் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். சொந்த விமானம் கட்டும் கனவு இருந்தாலும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். பதிவும் அனுமதியும் இல்லாமல் யாரும் பறக்கக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. உங்கள் பொறுப்பில் உள்ள ஒரே ஒரு எந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் பட்டியலிடுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் எதிரே வோல்டேஜ், ஏசியா டிசியா, லோடின் வகை, ஆம்பியர், பார்ட் நம்பர் எழுதுங்கள்.
3. கடைசிக் கட்டத்தில் ‘ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும், கம்பி அறுந்தால் என்ன ஆகும்’ என்று இரண்டு பதில்கள் எழுதுங்கள்.
4. பொருந்தாத சுவிட்சைக் கண்டால், நீங்களே மாற்றாமல் காரணத்தோடு சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுங்கள்.
5. ஸ்டோரில் வைக்க வேண்டிய மாற்று சுவிட்சுகளின் சரியான எண்களைப் பரிந்துரையுங்கள்.

ரகசியம் எதையும் வெளியே கொண்டுபோகாமல், நிறுவனத்தின் பெயரும் எந்திரத்தின் விவரமும் நீக்கிய மாதிரிப் பட்டியல் ஒன்றை உங்களுக்காகத் தயாரித்து வையுங்கள். அடுத்த நேர்காணலில் ‘உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டால், எத்தனை வருட அனுபவம் என்று தொடங்காமல் அந்தத் தாளை மேசை மேல் வைத்து, கடைசிக் கட்டத்திலிருந்து பேசுங்கள். பொருள் கெடும் விதத்தை முன்கூட்டியே யோசிக்கும் எலக்ட்ரீஷியனை எந்த நல்ல நிறுவனமும் கைவிடாது. அவர் மாட்டும் சுவிட்சை நம்பித்தான் அடுத்த ஷிப்டில் இன்னொருவர் எந்திரத்துக்குள் கை விடுகிறார்.